வைரம் பாயும் வரை

ஜவ்வாது மலையில் சந்தனம் இன்னும் இருக்கிறது. புதர் நிழலிலும் வேலியோரத்திலும் பாறை இடுக்கிலும் விரல் பருமனில் கன்றுகள் நிற்கின்றன. ஆனால் அந்த மலையில் வயதானவர்களிடம் கேட்டால், "சந்தனமெல்லாம் போயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. கன்று இருக்கிறது, மரம் இல்லை. ஓர் உயிரினம் கண்ணெதிரே இருந்துகொண்டே எப்படி இல்லாமல் போகும்? சூழலியலின் அடிப்படைப் பாடங்கள் பலவும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. காட்டுயிரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் 32 கி.மீ. அகலமுமாகப் பரந்து கிடக்கிறது. செய்யாறும் பாலாற்றில் சேரும் பல ஓடைகளும் இங்கிருந்து இறங்குகின்றன. கோடையில் இலையுதிர்த்து, மழை கண்டதும் ஒரே வாரத்தில் பச்சையாகிவிடும் காடு இது. சந்தனத்துக்கு இப்படிப்பட்ட மலைதான் பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,050 மீட்டர் வரையான உயரமும், அளவான மழையும், நீர் தேங்காத சரிவும் இருந்தால் நன்றாக வளரும். இந்தியாவில் சந்தனம் இயற்கையாக வளரும் பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் என்று 1990களில் கணக்கிட்டார்கள். அதில் கர்நாடகத்தின் பங்கு 5,245, தமிழ்நாட்டின் பங்கு 3,040. தமிழ்நாட்டுச் சந்தனக் காடுகளில் முதலில் சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று ஜவ்வாது மலை. மலையடிவாரத் திருப்பத்தூரில் இயங்கும் அரசு சந்தனக் கிடங்கு அந்தப் பெருமைக்குச் சாட்சி.

நான்கு வழிகள்

ஒரே இடத்தில் வாழ்ந்து தமக்குள் இனப்பெருக்கம் செய்யும் ஒரே இன உயிர்களை 'இனக்கூட்டம்' என்கிறது சூழலியல். ஜவ்வாது மலையின் சந்தன மரங்கள் ஓர் இனக்கூட்டம், அங்குள்ள கரடிகள் இன்னோர் இனக்கூட்டம். ஒரு கூட்டத்தின் எண்ணிக்கை மாறுவதற்கு நான்கு வழிகளே உண்டு. பிறப்பும் உள்வரவும் அதைக் கூட்டும், இறப்பும் வெளியேற்றமும் குறைக்கும். இனக்கூட்டம் பற்றிய கணக்குகள் எல்லாம் இந்த நான்கின் கூட்டல் கழித்தலில்தான் தொடங்குகின்றன.

இவற்றில் பிறப்பின் வலிமை நம்மை எளிதில் மயக்கிவிடும். தடையே இல்லையென்றால் எந்த உயிரும் பெருக்குத் தொடராகப் பெருகும் என்பதை 1798இல் தாமஸ் மால்தஸ் எழுதிய கட்டுரை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதைப் படித்த சார்லஸ் டார்வின், உள்ளதிலேயே மிக மெதுவாகப் பெருகும் விலங்கு எது என்று யோசித்து யானையைத் தேர்ந்தெடுத்தார். ஒரு யானை 30 வயதில் தொடங்கி 90 வயது வரை ஆறு குட்டிகள் மட்டுமே ஈன்று, 100 வயது வரை வாழ்வதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஒரே ஒரு சோடியிலிருந்து 740 முதல் 750 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியே 90 லட்சம் யானைகள் வந்துவிடும் என்று அவர் தம் நூலின் பிற்காலப் பதிப்பில் எழுதினார். உலகம் யானைகளால் நிரம்பிவிடவில்லை. ஆகவே பிறப்பவற்றில் பெரும்பாலானவை வளர்வதற்குள்ளேயே மடிந்துவிடுகின்றன என்பதுதான் அவர் கண்ட முடிவு. இயற்கைத் தேர்வு என்ற கொள்கை இந்தக் கணக்கின் மேல்தான் எழுந்தது.

சந்தனமும் தாராளமாகவே ஈனுகிறது. ஐந்து வயதளவில் முளைப்புத்திறன் உள்ள விதை கொடுக்கத் தொடங்கிவிடும். மார்ச்-ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பர்-அக்டோபரில் ஒரு முறை என்று ஆண்டில் இரண்டு தடவை பூக்கும். பழுத்துக் கறுத்த கனியில் ஒரே ஒரு விதை இருக்கும். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 6,000 விதைகள் நிற்கும். இவ்வளவு விதையும் மரமானால் மலை முழுவதும் சந்தனமே இருக்கும். அப்படி ஆகாமல் தடுப்பது எது?

1838இல் பெல்ஜியக் கணிதவியலாளர் பியர் வெர்ஹுல்ஸ்ட் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். கூட்டம் சிறிதாக இருக்கும்போது தன் அளவோடு ஒப்பிட்டால் வேகமாகப் பெருகும். எண்ணிக்கை கூடக்கூட இடத்துக்கும் உணவுக்கும் போட்டி வரும், பெருக்கம் தளரும். ஓர் எல்லையை நெருங்கும்போது பிறப்பும் இறப்பும் சமமாகி நின்றுவிடும். அந்த எல்லைக்குத் 'தாங்குதிறன்' என்று பெயர். வரைபடத்தில் வரைந்தால் கோடு மெதுவாகத் தொடங்கி, செங்குத்தாக எழுந்து, மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் படித்த எவருக்கும் அந்த வளைவு நினைவிருக்கும். ஆனால் தாங்குதிறன் என்பது வாளியின் விளிம்பைப் போல ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஒரு மலை எத்தனை சந்தன மரத்தைத் தாங்கும் என்பது அந்த மலையில் வேறு யார் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தனியாக வாழத் தெரியாத மரம்

சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. தன் இலையால் ஒளிச்சேர்க்கை செய்து மாவுப்பொருளைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் நீரையும் தாது உப்புகளையும் தன் வேரால் மட்டும் போதுமான அளவு எடுத்துக்கொள்ள அதனால் முடியாது. மண்ணுக்கடியில் அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தேடிப் போகும். தொட்ட இடத்தில் சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்பை உண்டாக்கி, அந்த வேருக்குள் நுழைந்து சாற்றை எடுத்துக்கொள்ளும். இப்படிச் சந்தனத்துக்கு விருந்தோம்பும் செடிகொடி மரங்கள் 300க்கும் மேல் பதிவாகியுள்ளன. புங்கன், வாகை, வேம்பு, சவுக்கு எல்லாம் அதில் அடக்கம். நாற்றங்காலில் சந்தனக் கன்றுப் பைக்குள்ளேயே ஒரு துவரைச் செடியையும் சேர்த்து வளர்ப்பது இதனால்தான். துணை இல்லாமல் நட்ட கன்று வெளிறி, குன்றி, சில ஆண்டுகளில் நின்றுபோகும்.

தரைக்கு மேலேயும் அது பிறரை நம்பித்தான் வாழ்கிறது. வைக்கோல் நிறத்தில் மலர்ந்து பிறகு கருஞ்சிவப்பாக மாறும் சிறு பூக்களுக்குத் தேனீக்களும் ஈக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வர வேண்டும். சந்தனம் பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தத்தால்தான் நன்கு காய்க்கும். கனி பழுத்ததும் குயிலும் கொண்டைக்குருவியும் விழுங்கி, சதையைச் செரித்து, விதையைத் தொலைவில் போடுகின்றன. பறவை அமரும் இடம் பெரும்பாலும் இன்னொரு மரமோ புதரோதான். ஆகவே விதை விழும் இடத்திலேயே விருந்தோம்பியின் வேரும் நிழலும் கிடைத்துவிடுகின்றன. சந்தனக் கன்று ஏன் எப்போதும் ஏதாவது ஒரு செடியின் மறைவிலேயே முளைக்கிறது என்பதற்கு விடை இந்தப் பறவைகளிடம் இருக்கிறது.

ஓர் இனம் மற்றொன்றின் இழப்பில் அதனிடமிருந்து பெறுவது ஒட்டுண்ணித்தனம். இரண்டும் பயன்பெறுவது கூட்டுறவு. ஒரே ஒளிக்கும் நீருக்கும் முட்டிக்கொள்வது போட்டி. மூன்றும் இந்த ஒரு மரத்தைச் சுற்றியே நடக்கின்றன. புங்கனும் வாகையும் வெட்டப்பட்டால் சந்தனத்தின் வேருக்குப் பிடிமானம் போகும். குயிலும் கொண்டைக்குருவியும் குறைந்தால் விதை தாய் மரத்தின் அடியிலேயே குவிந்து கிடக்கும். உண்ணிச்செடி அடர்ந்து பரவினால் கன்றுக்கு ஒளி கிடைக்காது. கோடைத் தீ ஆண்டுதோறும் வந்தால் இரண்டடி உயரக் கன்று ஒருபோதும் நான்கடியாக வளராது. இதில் எது நடந்தாலும் யாரும் ஒரு சந்தன மரத்தைத் தொட வேண்டியதே இல்லை. மலையின் தாங்குதிறன் தானாகவே கீழே இறங்கிவிடும். அதனால்தான் ஓர் இனத்தை மட்டும் தனியே எடுத்துக் காப்பாற்ற முடிவதில்லை.

வயதின் படிக்கட்டு

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். கன்று இருக்கும்போது கூட்டம் அழிகிறது என்று எப்படிச் சொல்வது?

சந்தனத்தின் மணம் அதன் வைரக்கட்டையில் இருக்கிறது. பட்டைக்கும் வெளிக்கட்டைக்கும் மணமில்லை. பத்து வயதுக்குப் பிறகுதான் நடுவில் வைரம் பாயத் தொடங்கும். 30 முதல் 60 வயது வரையான காலத்தில்தான் அது விரைவாகத் திரளும். இது எவ்வளவு நீண்ட காலம் என்பதை இந்த மலையிலேயே இருக்கும் ஒரு நிறுவனத்தைக் கொண்டு அளக்கலாம். காவலூரில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வானாய்வு தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே ஒரு சந்தன விதை முளைத்திருந்தால், 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கி திறக்கப்பட்டு, நிலையத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 1986 ஜனவரியில் அதற்கு 18 வயதுகூட நிறைந்திருக்காது. வைரம் அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்கும். முழு மரம் என்று சொல்லத்தக்க நிலையை அது நம் காலத்தில்தான் எட்டியிருக்கும். ஒரு வானியலாளரின் முழுப் பணிக்காலமும் ஒரு சந்தன மரம் முதிர்வதற்குள் முடிந்துவிடுகிறது.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். ஒரு சரிவில் ஆண்டுக்கு 200 கன்றுகள் முதல் ஆண்டைத் தாண்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒவ்வோர் ஆண்டும் 100க்கு 90 பிழைக்கின்றன என்றால், 30 வயதை எட்டுபவை 9 மட்டுமே. பிழைப்பு 100க்கு 85 ஆகக் குறைந்தால், எட்டுபவை 2. அதுவே 95 ஆக உயர்ந்தால், 45. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும் வேறுபாடு 29 ஆண்டுகள் தொடர்ந்து பெருகும்போது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். பிழைப்பு 85ஆக இருக்கும் சரிவில் கூடுதலாக 200 கன்றுகளை நட்டு, மொத்தம் 400 ஆக்குகிறோம். 30 ஆண்டுகளில் கிடைப்பது 2க்குப் பதிலாக ஏறத்தாழ 4 மரங்கள். ஒரு கன்றுகூடக் கூடுதலாக நடாமல் இருக்கும் 200ஐத் தீயிலிருந்தும் ஆட்டின் வாயிலிருந்தும் கோடரியிலிருந்தும் காத்து, பிழைப்பை 95க்குக் கொண்டுபோனால் 45 மரங்கள். நீண்ட காலம் வாழும் உயிர்களின் எதிர்காலம் எத்தனை பிறக்கின்றன என்பதை விட, பிறந்தவை எத்தனை முதிர்கின்றன என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

இது சந்தனத்துக்கு மட்டும் பொருந்தும் விதியல்ல. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் குறைந்துகொண்டே வந்தபோது கரையில் முட்டைகளைக் காப்பதில்தான் எல்லோரும் கவனம் செலுத்தினார்கள். 1987இல் டெபோரா குரோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய இரு சகாக்களும் ஆமையின் வாழ்நாளைப் படிநிலைகளாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். இட்ட முட்டைகள் அத்தனையும் பொரித்தாலும் அந்தக் கூட்டம் குறைந்துகொண்டேதான் போகும் என்று தெரிந்தது. கடலில் வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய இளம் ஆமைகள் இறால் இழுவலையில் சிக்கி மூழ்கிச் சாவதைத் தடுத்தால் நிலைமை மாறும் என்றும் தெரிந்தது. ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் சட்டங்களை வலைகளில் பொருத்துவதற்கு அந்த ஆய்வு வலுவான அறிவியல் ஆதரவானது. முட்டையைக் காப்பது நல்ல செயல்தான். ஆனால் கூட்டத்தைக் காப்பாற்றும் படி வேறொன்றாக இருந்தது. எந்தப் படி அது என்று கண்டுபிடிப்பதே காட்டுயிர்ப் பாதுகாப்பில் அறிவியலின் முதல் வேலை.

விதைச்சாமையைத் தின்ற கதை

சந்தனம் கொள்ளை போன வரலாற்றை இந்தப் படிக்கட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். மற்ற மரங்களை அடியில் வெட்டுவார்கள். சந்தனத்தை வேரோடு தோண்டி எடுப்பார்கள், ஏனென்றால் எண்ணெய் அதிகமாக இருப்பது வேரில். அப்படித் தோண்டும்போது மண்ணில் விடுபட்ட வேர்த் துண்டுகளிலிருந்து சில நேரம் தளிர்கள் எழும். கன்றுபோலத் தெரிந்தாலும் அவை போன மரத்தின் அதே மரபணுக்களைக் கொண்ட நகல்கள்தான், புதிய தலைமுறை இல்லை.

சந்தைக்கு வந்த கட்டைகளை 18 தரங்களாகப் பிரிப்பது பழைய வழக்கம். ஒரு துண்டு 9 கிலோவுக்குக் குறையாத, பழுதில்லாத பெருங்கட்டைக்கு 'விலாயத் புத்' என்று பெயர். அது முதல் தரம். 4.5 கிலோவுக்குக் குறையாதது 'சைனா புத்'. அதற்கடுத்தது 'பஞ்சம்'. இப்படி இறங்கி, கடைசியில் மரத்தூள் வரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இந்தப் பட்டியல் மரத்தின் வயதை மேலிருந்து கீழாகச் சொல்கிறது. பெருங்கட்டை தரும் கிழட்டு மரங்கள் முதலில் போயின. அவை தீர்ந்ததும் கோடரி அடுத்த படிக்கு இறங்கியது, பிறகு அதற்கும் அடுத்த படிக்கு. எதற்கும் விலை உண்டு என்பதால் எந்த வயதுக்கும் பாதுகாப்பில்லை.

மலையாளிப் பழங்குடியினர் இந்த மலையில் காலங்காலமாகச் சாமை விதைத்து வாழ்பவர்கள். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைக்கென்று எடுத்துவைத்த சாமையைக் குற்றித் தின்பது குடும்பத்தையே அழிக்கும் செயல் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதிர்ந்த சந்தன மரங்கள் மலையின் விதைச்சாமை. சாமையை இழந்தவர் அண்டை வீட்டில் கடன் வாங்கி அடுத்த பருவத்தில் மீண்டுவிடலாம். சந்தனத்தின் அடுத்த பருவம் 30 ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது.

நாட்டளவிலான எண்கள் இதே கதையைச் சொல்கின்றன. 1950களில் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் வைரக்கட்டையை உற்பத்தி செய்தது. 1990களில் அது 2,000 டன் அளவுக்கு இறங்கியது. 2007 வாக்கில் 500 டன் அளவுக்கு வந்துவிட்டது. இடையில் நோயும் தாக்கியது. 1899இல் குடகில் முதலில் பதிவான 'ஸ்பைக்' நோய் இலைகளைச் சிறுக்கவைத்து, கிளைகளை முள்போல விறைக்கவைத்து, மரத்தைச் சில ஆண்டுகளில் கொன்றுவிடும். தத்துப்பூச்சிகளின் வழியாகப் பரவும் 'பைட்டோபிளாஸ்மா' என்ற நுண்ணுயிர்தான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை 1998இல் 'அழிவுக்கு இலக்காகக்கூடிய' இனமாகப் பட்டியலிட்டது.

சட்டமும் தன் பங்கைச் செய்தது, நல்லதும் கெட்டதுமாக. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அது எங்கு முளைத்தாலும் அரசுக்கே சொந்தம் என்ற எண்ணம் அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் ஏதோ ஒரு வடிவத்தில் நீடித்தது. தன் நிலத்தில் முளைத்த சந்தனத்தைக் காக்கும் பொறுப்பு விவசாயிக்கு இருந்தது, முழு உரிமை இல்லை. திருட்டுப் போனால் தொல்லை, வளர்ந்தால் தனக்கு முழுதாகக் கிடைக்காது. அப்படியிருக்கும்போது கன்றைக் கண்டதும் பிடுங்கி எறிவதே அவருக்கு நிம்மதி. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி நில உரிமையாளருக்கே மரம் சொந்தம் என்றாக்கின. வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி இன்றும் வேண்டும். ஆனாலும் நடுபவருக்கு ஒரு காரணம் பிறந்தது. தோட்டச் சந்தனம் பெருகினால் காட்டுச் சந்தனத்தின் மேல் உள்ள நெருக்கடி குறைய வாய்ப்புண்டு. ஆனால் அது காட்டுக் கூட்டத்துக்கு மாற்றாகாது. நோயைத் தாங்கும் மரபணு எது, வறட்சியைத் தாங்கும் மரபணு எது என்ற சேமிப்பு காட்டில்தான் இருக்கிறது.

ஆறு யானைகள்

சிறிய கூட்டங்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. அதையும் ஜவ்வாது மலையே காட்டித் தந்திருக்கிறது.

1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கே நகர்ந்தன. சுமார் இருநூறு ஆண்டுகளாக யானையைப் பார்க்காத ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் அவை குடியேறின. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதே கிழக்கு நோக்கிய நகர்வில் சில யானைகள் ஜவ்வாது மலைப் பக்கமும் வந்து தங்கின. மலையடிவாரத்தில் கரும்பும் நெல்லும் வாழையும் இருந்தன. யானைக்கு அது உணவு, விவசாயிக்கு அது ஓராண்டு உழைப்பு. மோதல் முற்றியது. 2013இல் வனத்துறை 'ஆபரேஷன் மலை' என்ற பெயரில் மயக்க ஊசியும் கும்கி யானைகளும் கொண்டு ஆறு யானைகளைப் பிடித்து, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கொண்டுபோனது.

டார்வினின் கணக்கில் இரண்டு யானைகள் கோடிக்கணக்கானதை நினைவில் வையுங்கள். தாளில் அது சரி. நிலத்தில் ஒரு பெண் யானை 22 மாதம் வரை சுமந்து ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு சிறு கூட்டத்தில் ஈனும் வயதில் மூன்று பெண் யானைகள் இருந்தாலும், ஐந்தாண்டுக்கு மூன்று குட்டிகளுக்கு மேல் வராது. மின்வேலி, கிணறு, ரயில் என எதிலாவது இரண்டு விபத்துகள் நடந்தால் போதும், ஐந்தாண்டுப் பெருக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். பிறந்த மூன்றும் தற்செயலாக ஆண் குட்டிகளாக இருந்தால் அடுத்த தலைமுறையே கேள்விக்குறி. பெரிய கூட்டத்தில் இப்படிப்பட்ட தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சிறிய கூட்டத்தில் ஒரு தற்செயலே விதியாகிவிடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடப்பதும் சேர்ந்துகொண்டால் ஒன்று மற்றொன்றைக் கீழே இழுக்கும்.

1930களில் வார்டர் ஆலி என்ற அமெரிக்க விலங்கியலாளர் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார். போட்டி குறைவதால் சிறிய கூட்டம் வேகமாகப் பெருகும் என்று வெர்ஹுல்ஸ்ட்டின் வளைவு சொல்கிறது. கூட்டம் மிகவும் சிறிதாகிவிட்டால் பெருக்கம் வேகமெடுப்பதற்குப் பதிலாகத் தளர்ந்துபோகும் என்று ஆலி கண்டார். துணை கிடைக்காது, சேர்ந்து காத்துக்கொள்ள ஆளிருக்காது. சந்தனத்துக்கும் இது பொருந்தும். பூக்கும் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நின்றால் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போய்ச் சேர்வது அரிதாகும். காய்ப்பு குறையும். மரம் நின்றுகொண்டிருந்தாலும் கூட்டத்தின் ஓர் உறுப்பாக அது செயல்படாது.

யானைகளை அகற்றியது சரியா தவறா என்ற விவாதம் தொடரலாம். உயிர் அச்சத்தோடு இரவைக் கழித்த விவசாயியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாக்கியது. நான்கு வழிகளில் இரண்டான உள்வரவும் வெளியேற்றமும் ஜவ்வாது மலையின் பெருவிலங்குகளுக்கு அடைபட்டுக்கொண்டு வருகின்றன. மலையைச் சுற்றி ஊர்களும் வயல்களும் நெடுஞ்சாலைகளும் நிறைந்துவிட்டன. கடல் சூழ்ந்த தீவைப் போல நிலத்துக்குள்ளேயே காடுகள் தீவுகளாகின்றன. சிறிய, தொலைவான தீவில் குறைவான இனங்களே நிலைக்கும் என்று 1967இல் ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தம் நூலில் விளக்கினார்கள். கரடிக்கும் மானுக்கும் இன்னும் இந்தத் தீவு போதும். ஏலகிரிப் பக்கமும் ஆந்திர எல்லைப் பக்கமும் மிஞ்சியிருக்கும் காட்டுத் தொடர்புகளை விட்டுவிட்டால் நாளை அவற்றுக்கும் போதாது.

மலையின் மனிதர்கள்

இந்தக் காட்டின் உயிர்ச்சங்கிலியில் மனிதரும் ஒரு கண்ணி. ஜமுனாமரத்தூரைச் சுற்றியும், புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு போன்ற மலைநாடுகளிலும் மலையாளி மக்கள் சாமை பயிரிடுகிறார்கள், தேன் எடுக்கிறார்கள், புளியும் கடுக்காயும் நெல்லியும் சேகரிக்கிறார்கள். இவை எல்லாம் மரத்தைக் கொல்லாமல் கிடைப்பவை. காயை எடுத்தால் மரம் நிற்கும், அடுத்த ஆண்டும் தரும். இனக்கூட்டக் கணக்கின் மொழியில் சொன்னால், அவர்கள் கை வைப்பது படிக்கட்டின் கீழ்ப்படியில், எண்ணற்ற விதைகள் மடியும் இடத்தில். சந்தனக் கடத்தல் கை வைத்தது மேல்படியில்.

அந்தக் கடத்தலின் பெரும்பணம் மலையில் தங்கவில்லை. மரம் தீர்ந்த பிறகு மலையில் மிஞ்சியது மரம் வெட்டத் தெரிந்த கைகளும் வேலையின்மையும்தான். அந்தக் கைகளை ஆந்திரத்தின் செம்மரக் காடுகளுக்குத் தரகர்கள் அழைத்துப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைக் குடும்பங்களும் அன்று ஆட்களை இழந்தன. ஒரு மலையின் மரக்கூட்டம் சரிந்தால் அதன் அதிர்வு எவ்வளவு தொலைவு போய் யார்மேல் விழுகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். காட்டையும் காட்டு மக்களையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் இந்தச் சாவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களை அமைத்து ஊராரையும் காட்டுப் பொறுப்பில் சேர்க்க முயன்றது. 2006இன் வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழ்பவருக்கு அதன் மேல் சட்டப்படி உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. இரண்டையும் ஏட்டில் மட்டும் விட்டுவைக்காமல் மலையில் நடத்திக்காட்டினால், படிக்கட்டின் நடுவில் நிற்கும் இளமரங்களுக்குக் காவலர் கிடைப்பார்கள். ஆண்டுக்கு ஐந்து சதவீதப் பிழைப்பை உயர்த்தும் வேலை வேலியாலும் துப்பாக்கியாலும் மட்டும் ஆகாது. கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுபவர், புகையை முதலில் பார்ப்பவர், அந்நியர் நடமாட்டத்தை அறிபவர் எல்லாரும் அந்த ஊர்க்காரர்தான். கேரளத்தின் மறையூரில் இயற்கைச் சந்தனக் காடு இன்னும் நிற்கிறதென்றால், அங்கே மரத்துக்கு மரம் கண்காணிப்பு இருப்பது முக்கியக் காரணம். ஜவ்வாது மலையில் அந்தக் கண்காணிப்பு ஊராரின் கூலியாகவும் உரிமையாகவும் வர வேண்டும்.

செய்ய வேண்டியவற்றைக் கணக்கே வரிசைப்படுத்தித் தருகிறது. எஞ்சியிருக்கும் முதிர்ந்த மரங்கள் ஒவ்வொன்றும் தாய் மரம். அவற்றைக் காப்பது முதல் வேலை. இடைவயது மரங்களின் ஆண்டுப் பிழைப்பை உயர்த்துவது இரண்டாவது. புங்கனும் வாகையும் குயிலும் கொண்டைக்குருவியும் இருக்கும் காட்டை முழுமையாக வைத்திருப்பது மூன்றாவது. ஒரு மலைத் துண்டை இன்னொன்றோடு இணைக்கும் காட்டு வழிகளைக் காப்பது நான்காவது. கன்று நடுவது இவற்றுக்குப் பிறகு வர வேண்டியது. நம் விழாக்களில் அதுவே முதலில் வருகிறது, பல இடங்களில் அதோடு முடிந்தும் விடுகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு திட்டம் இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று சொன்னால், மகிழ்ச்சியோடு வரவேற்றுவிட்டு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். பத்தாண்டுக்கு முன் நட்டவற்றில் இன்று பத்து வயது மரமாக நிற்பவை எத்தனை? அந்த எண்ணை ஆண்டுதோறும் எண்ணி, ஊரறிய எழுதிவைக்கும் நாளில்தான் ஜவ்வாது மலையில் சந்தனத்தைக் காக்கத் தொடங்கினோம் என்று நாம் உண்மையாகச் சொல்லிக்கொள்ள முடியும்.